குரோம் வீலில் படிந்த பிரேக் தூசி: எதைக் கொண்டு எடுப்பது?

குரோம் போல மின்னும் வீலில் பிரேக் தூசி படிந்தால் அதை மறைக்கவே முடியாது. சாம்பல் நிற அலாய் வீலில் லேசான மங்கலாகத் தெரிவது, கண்ணாடி போன்ற பரப்பில் பழுப்புக் கறையாக நிற்கும். தண்ணீரும் சோப்பும் போட்டால் பெரும்பகுதி போய்விடும். போகாமல் அடம்பிடிக்கும் மிச்சத்துக்குத்தான் அமிலம், காரம், இரும்பைக் கரைக்கும் அயர்ன் ரிமூவர், மெட்டல் பாலிஷ், வினிகர் என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். எல்லாமே ஏதோ ஒரு வீலில் வேலை செய்தவைதான். ஆனால் ஒரு வீலைப் பளபளக்க வைத்த அதே மருந்து இன்னொரு வீலை நிரந்தரமாக வெளுக்க வைத்துவிடும். அங்கேதான் சிக்கல்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் கார் ஷாம்பு, அதற்கும் அசையாததற்கு அயர்ன் ரிமூவர். இந்த இரண்டையும் தாண்டிப் போக வேண்டிய தேவை மிகச் சிலருக்கே வரும். அமிலம் கலந்த வீல் கிளீனரை வீட்டில் வாங்கி வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தூசிக்குள் என்ன இருக்கிறது

பிரேக் மிதிக்கும்போது பேட் என்ற உராய்வுக் கட்டை, வீலோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டை இறுக்கிப் பிடிக்கிறது. பெரும்பாலான கார்களில் டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. உராய்வில் டிஸ்க்கும் தேய்கிறது, பேடும் தேய்கிறது. ஆகவே வீலில் வந்து விழுவது இரண்டும் கலந்த பொடி: டிஸ்க்கிலிருந்து வரும் இரும்புத் துகள், பேடிலிருந்து வரும் பிசின், கார்பன், உலோக இழைத் துணுக்குகள். பிரேக் போடும்போது காரின் எடை முன்பக்கம் சாய்வதால் முன் பிரேக்குகள்தான் அதிகம் உழைக்கின்றன. முன் வீல்கள் எப்போதும் கூடுதலாகக் கறுத்திருப்பது அதனால்தான்.

இந்தக் கலவையில் கரி போன்ற பகுதி சோப்புக்கு இறங்கி வந்துவிடும். இரும்புத் துகள்கள் அப்படியில்லை. அவை சூட்டோடு வந்து பரப்பில் ஒட்டுகின்றன. மழையும் ஈரமும் பட்டதும் ஒட்டிய இடத்திலேயே துருப்பிடிக்கின்றன. துருப்பிடித்த துகள் பரப்பை இன்னும் இறுகப் பற்றிக்கொள்கிறது. கழுவித் துடைத்த வீலை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் ஊசிமுனைப் புள்ளிகள் தெரியும். விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். நாம் எடுக்கப் போராடுவது இந்தப் புள்ளிகளைத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மருந்தும் எதைக் கரைக்கிறது, எதைக் கரைக்காது என்பது எளிதாகப் புரியும்.

மின்னுவதெல்லாம் குரோம் இல்லை

மருந்து வாங்கும் முன் தெரிந்தாக வேண்டியது ஒன்று உண்டு. வீலின் மேற்பரப்பில் இருப்பது என்ன? பார்வைக்கு ஒன்று போலவே மின்னும் வீல்களில் குறைந்தது நான்கு வகை இருக்கிறது.

முதலாவது உண்மையான குரோம் முலாம். அலுமினியத்தின் மேல் நிக்கல் அடுக்குகள், அவற்றின் மேல் மிக மெல்லிய குரோமியம். அந்தக் குரோமியப் படலம் ஒரு மைக்ரானைவிடவும் மெல்லியது. கடினமானதுதான், ஆனால் நுண்ணிய வெடிப்புகள் நிறைந்தது. உப்பும் அமிலமும் அந்த வெடிப்புகள் வழியாக அடியில் இருக்கும் உலோகத்தை எட்டிவிடும்.

இரண்டாவது, இப்போது பரவலாகக் கிடைக்கும் பிவிடி குரோம். வெற்றிட அறையில் வைத்து, அடிப்பூச்சின் மேல் உலோகத்தை மெல்லிய படலமாகப் படியவிட்டு, அதற்கு மேல் ஒளி ஊடுருவும் லேக்கர் பூசுகிறார்கள். கண்ணுக்குத் தெரிவது உலோகம், கையில் படுவது லேக்கர். குரோம் நிறப் பெயிண்ட் அடித்த வீலும் நம் காரியத்தைப் பொறுத்தவரை இதே கணக்குதான்.

மூன்றாவது, முலாம் பூசிய பிளாஸ்டிக் மேலோடு. சாதாரண அலாய் வீலின் முகத்தில் குரோம் முலாமிட்ட பிளாஸ்டிக்கை ஒட்டியிருப்பார்கள். விரல் முட்டியால் தட்டினால் உலோகத்தின் கணீர் ஓசை வராது, மழுங்கலான சத்தம்தான் வரும். இதன் மேற்பரப்பு குரோம் என்றாலும், விளிம்புகளில் தண்ணீரும் மருந்தும் உள்ளே புகுந்தால் ஒட்டு விட்டுப்போகும்.

நான்காவது, மேல்பூச்சு எதுவும் இல்லாமல் பாலிஷ் செய்த வெறும் அலுமினியம். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். வீலின் மறைவான மூலையில், வெள்ளைத் துணியில் துளி மெட்டல் பாலிஷ் எடுத்து லேசாகத் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் வெறும் அலுமினியம். கறுக்கவில்லை என்றால் மேலே குரோமோ லேக்கரோ இருக்கிறது. தூசியே துணியைக் கறுப்பாக்கிவிடும் என்பதால் அந்த மூலையை முதலில் நன்றாகக் கழுவிக்கொள்ள வேண்டும்.

குரோமா லேக்கரா என்று பிரித்துச் சொல்வது கொஞ்சம் கடினம். கல் பட்டுச் சிதைந்த இடம் ஏதாவது இருந்தால் உற்றுப் பாருங்கள். முலாம் உரிந்திருந்தால் கூர்மையான விளிம்போடு மெல்லிய தகடு போலச் செதில் தெரியும். லேக்கர் என்றால் சிதைவைச் சுற்றி வெளிறிய, பால் போன்ற ஓரம் இருக்கும். காரோடு வந்த வீல் என்றால் கையேட்டிலோ சர்வீஸ் மையத்திலோ விவரம் கிடைக்கும். எதுவும் உறுதியாகத் தெரியவில்லையா? லேக்கர் என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். லேக்கருக்குப் பாதுகாப்பான முறை குரோமுக்கும் பாதுகாப்பானது. குரோமுக்கு உகந்த எல்லாமே லேக்கருக்கு உகந்தவை என்று சொல்லிவிட முடியாது.

ஷாம்புவும் பிரஷ்ஷும்

பலர் இந்தப் படியை அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நேரடியாக மருந்தைத் தெளித்தால் மேலே கிடக்கும் கரிப் படலம் மருந்தைக் குடித்துவிடும். அடியில் இருக்கும் துகளை அது எட்டவே எட்டாது. முதலில் நிறையத் தண்ணீர் விட்டு மேல் தூசியை அடித்து இறக்க வேண்டும். பிறகு கார் ஷாம்பு கலந்த நீரில் மென்மையான பிரஷ்ஷோ மைக்ரோஃபைபர் கையுறையோ கொண்டு கழுவ வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பு அழுக்கை எடுக்கும், ஆனால் ஏற்கெனவே பூசிய மெழுகையும் சேர்த்து இறக்கிவிடும்.

வீலுக்கு வாளியும் துணியும் தனி. இதில் சமரசமே கூடாது. வீலில் தேய்த்த துணியில் இரும்புப் பொடி சிக்கியிருக்கும். அதே துணி கதவில் பட்டால் பெயிண்டில் கீறல் நிச்சயம்.

வாரந்தோறும் கழுவுபவருக்கு இதுவே போதும், வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை. பல வாரம் விட்டுவிட்ட வீலில் ஷாம்பு அந்த ஆரஞ்சுப் புள்ளிகளை அசைக்காது. எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் அசைக்காது. அந்த அழுத்தம் கீறலாகத்தான் மிஞ்சும். தேய்ப்பதை நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டிய இடம் இது.

அயர்ன் ரிமூவர்

தெளித்த சில நிமிடங்களில் வீலெல்லாம் ஊதா நிறமாக ஒழுகுமே, அந்த மருந்துதான் இது. இதில் வேலை செய்யும் பொருள் பெரும்பாலும் அம்மோனியம் அல்லது சோடியம் தயோகிளைக்கலேட். முடியைச் சுருட்டும் லோஷன்களிலும் இதே இனப் பொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள். இரண்டிலும் மூக்கைத் துளைக்கும் அதே கந்தக வாடை வருவது அதனால்தான். இது இரும்போடு சேர்ந்து தண்ணீரில் கரையும் ஊதா நிறச் சேர்மத்தை உண்டாக்குகிறது. ஒட்டியிருந்த துகள் கரைந்து பிடியை விடுகிறது. தேய்த்துப் பெயர்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது.

குரோம் போன்ற வீலுக்கு இதையே நான் முன்னிறுத்துவதற்குக் காரணம், இது இரும்பைக் குறிவைத்து வேலை செய்கிறது என்பதுதான். அமிலமும் காரமும் எதிர்ப்பட்டதையெல்லாம் தாக்கும். நல்ல அயர்ன் ரிமூவரின் பிஎச் அளவு நடுநிலைக்கு அருகில் இருக்கும். லேக்கரும் குரோமியமும் அதனால் பாதிக்கப்படுவதில்லை. வெறும் அலுமினியத்தில் மட்டும் மறைவான இடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

குறைகளும் உண்டு. பிசினையும் தாரையும் இது கரைக்காது. வாடை கடுமையானது, மூடிய கேரேஜில் தெளிப்பது நல்லதல்ல. கையுறை அவசியம். எல்லாவற்றையும்விட முக்கியம், பரப்பில் காயவிடக் கூடாது. காய்ந்துவிட்டால் தடம் விட்டுவிடும், அதை எடுப்பது இன்னொரு வேலை. எனவே வெயிலில் செய்யாதீர்கள். ஓட்டி வந்த உடனும் செய்யாதீர்கள். புறங்கையை வீலில் வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருந்தால் மட்டும் தொடங்குங்கள். ஒரு வீலைத் தெளித்து, பாட்டிலில் குறிப்பிட்ட சில நிமிடங்கள் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் ஒரு முறை அளைந்து, நன்றாக அலசி முடித்த பிறகே அடுத்த வீல். வழியும் ஊதா நீர் வெளிர் நிறத் தரையில் கறையாகலாம், தரையையும் சேர்த்து அலசிவிடுங்கள்.

நிறத்தைப் பற்றி ஒன்று. டிஸ்க்கும் இரும்புதான் என்பதால் அதில் மருந்து பட்டால் அதுவும் ஊதாவாக ஒழுகும். பயப்பட வேண்டியதில்லை, அலசினால் போதும். வீல் பரப்பிலிருந்து ஊதா வருவது நின்றுவிட்டால், அங்கே கரைக்க வேண்டிய இரும்பு மிச்சமில்லை என்று பொருள். அதற்கு மேலும் கறை தெரிந்தால் அது வேறு ஏதோ. மீண்டும் மீண்டும் அதே மருந்தைத் தெளிப்பது வீண்.

அமில கிளீனர்

வேகத்தில் இதற்கு ஈடே இல்லை, அதை மறுக்க மாட்டேன். தெளித்து அலசினால் வருடக்கணக்கான கறையும் போய்விடும். தொழில்முறையாகக் கார் கழுவும் சில இடங்களில் இன்னும் பயன்படுத்துவதும் அதனால்தான். ஆனால் குரோம் வீலுக்கு இதைப்போல ஆபத்தான தேர்வு வேறில்லை.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமியத்தையே கரைக்கக்கூடியது. பழைய குரோம் முலாமை உரித்தெடுக்க முலாம் பட்டறைகளில் பயன்படுத்துவதும் இதைத்தான். கழிவறை கழுவும் திரவங்கள் பலவற்றில் இருப்பதும் இதுவே. அதைத் தண்ணீரில் கலந்து வீலில் ஊற்றும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பளபளப்பு அன்றைக்கு இருக்கும். பிறகு நுண்வெடிப்புகள் வழியே இறங்கிய அமிலத்தால் முலாம் கொப்புளித்து உரியத் தொடங்கும்.

இன்னும் பெரிய கவலை உடல்நலம் பற்றியது. சில வீல் கிளீனர்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ, அதைத் தரக்கூடிய அம்மோனியம் பைஃபுளோரைடோ இருக்கும். இந்த அமிலம் தோலில் பட்டால் மற்ற அமிலங்களைப் போல உடனே சுட்டு எச்சரிக்காது. செறிவு குறைந்த கரைசல் என்றால் வலி தெரியவே சில மணி நேரம் ஆகலாம். அதற்குள் அது தோலைக் கடந்து உள்ளே போய், உடலின் கால்சியத்தோடு பிணைந்து திசுக்களைச் சிதைக்கத் தொடங்கியிருக்கும். பட்ட இடத்தை உடனே நிறையத் தண்ணீரில் கழுவி, வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே கால்சியம் குளுகோனேட் கொண்டு சிகிச்சை தருவார்கள். வீலில் இருக்கும் ஒரு கறைக்காக இப்படி ஒரு பொருளை, குழந்தைகள் நடமாடும் வீட்டு அலமாரியில் வைக்கத் தேவையே இல்லை. பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்து, இந்த இரண்டு பெயர்களில் எது இருந்தாலும் அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். காரை வெளியே கழுவக் கொடுத்தாலும், வீலுக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

கார வகை கிளீனர்

எண்ணெய்ப் பிசுக்கும் பேட் பிசினும் சேர்ந்து கெட்டியாகப் படிந்த வீலில் இது அயர்ன் ரிமூவரைவிட நன்றாக வேலை செய்யும். இரும்பில் அதற்கு அவ்வளவு பலமில்லை. மென்மையான வகைகளை லேக்கரும் நல்ல நிலையில் உள்ள குரோமும் தாங்கும். ஆனால் சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த வீரியமானவை, குறிப்பாக அடுப்பு சுத்தம் செய்யும் திரவங்கள், அலுமினியத்தை அரிப்பவை. பாலிஷ் செய்த அலுமினியம் சில நிமிடங்களில் வெளுத்தோ கறுத்தோ மங்கிவிடும். முலாமில் எங்கேனும் துளை விழுந்து அடியில் அலுமினியம் வெளிப்பட்டிருந்தால் அங்கும் இதே கதி. மேற்பரப்பு முழுசாக இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு மட்டும் இது இரண்டாவது தேர்வு. அயர்ன் ரிமூவர் போட்டு அலசிய பிறகும் கரிய பிசுக்கு நின்றால் அப்போது எடுக்கலாம். ஒன்றின் மேல் ஒன்றாகக் கலந்து மட்டும் தெளிக்காதீர்கள்.

சமையலறையிலிருந்து வரும் யோசனைகள்

வினிகரும் எலுமிச்சையும் மென்மையான அமிலங்கள். தண்ணீர் காய்ந்து விட்ட உப்புக் கறைக்கு அவை நல்லவை. ஒட்டிய இரும்புக்கு அவற்றின் பலம் போதாது. போதும் அளவுக்கு ஊறவைத்தால் வெறும் அலுமினியம் மங்கும். பற்பசையும் சமையல் சோடாவும் தேய்ப்புப் பொருள்கள், லேக்கரில் மெல்லிய கீறல்களை விட்டுச் செல்பவை.

அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் துரு போகும் என்பது உண்மையிலேயே நல்ல உபாயம். குரோமியம் அலுமினியத்தைவிடப் பல மடங்கு கடினமானது. தாள் தேயுமே தவிர முலாமைக் கீறாது. பழைய குரோம் பம்பர்களைப் பராமரிப்பவர்கள் இதைக் கைவிடாமல் வைத்திருப்பது அதனால்தான். அதே தாளை பிவிடி வீலில் தேய்த்தால் மேலே இருக்கும் லேக்கர் முழுக்கக் கீறலாகிவிடும், வீலே புகை படிந்த கண்ணாடியாகத் தெரியும். ஒரே பொருள், ஒரே கை, ஒன்று போலவே தோன்றும் இரண்டு வீல்கள். பரப்பை முதலில் கண்டுபிடியுங்கள் என்று நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு இதைவிடத் தெளிவான காரணம் இல்லை. இரும்புக் கம்பளிக்கும் இதுவே பொருந்தும். மிக மென்மையான 0000 ரகம்கூட லேக்கருக்கு ஆகாது. உண்மையான குரோமில் பயன்படுத்தினாலும் அது உதிர்க்கும் நுண்கம்பிகள் மூலைகளில் தங்கிப் புதிதாகத் துருப்பிடிக்கும்.

மிச்சத்துக்கு

எல்லாம் முடிந்த பின்னும் சொரசொரப்பு இருந்தால், கிளே பார் எனப்படும் களிமண் போன்ற மென்மையான கட்டியை எடுக்கலாம். ஷாம்பு நீரால் பரப்பை வழுக்கலாக்கி, அழுத்தாமல் தடவினால் தப்பிய துகள்களை அது இழுத்துக்கொள்ளும். வீலில் தேய்த்த துண்டைப் பெயிண்டுக்கு எடுக்கக் கூடாது. கறுப்புத் தார்ப் புள்ளிகளுக்கு தார் ரிமூவர். மெட்டல் பாலிஷ் வெறும் அலுமினியத்துக்கு உரியது. குரோமுக்கு என்று தனியாக விற்கும் தேய்ப்பில்லாத பாலிஷ் குரோமுக்கு உரியது. லேக்கருக்கு இரண்டுமே வேண்டாம்.

எந்த மருந்துக்கும் போகாத கறை ஒன்று இருக்கிறது. நகத்தால் தடவும்போது புள்ளி மேடாகத் தட்டுப்பட்டால் அது ஒட்டிய துகள், எடுக்கலாம். பள்ளமாகத் தட்டுப்பட்டால் முலாமே அரித்துப் போயிருக்கிறது. அங்கே சுத்தம் செய்ய ஒன்றுமில்லை. மருந்துக்குச் செலவழிப்பதை நிறுத்திவிட்டு, வீலை மறுபூச்சுக்குக் கொடுப்பதா மாற்றுவதா என்று யோசிக்க வேண்டும். டயர் உட்காரும் விளிம்பில் முலாம் உரியத் தொடங்கினால் அந்த வழியாகக் காற்று மெல்லக் கசியும். அதைத் தள்ளிப்போடுவது சரியில்லை.

கழுவி முடித்ததும் காரை அப்படியே நிறுத்திவிடாதீர்கள். ஈரமான டிஸ்க்கில் சில மணி நேரத்திலேயே மெல்லிய துரு படரும், முதல் சில முறை பிரேக்கின் பிடியும் குறைவாக இருக்கும். பாதுகாப்பான இடத்தில் மெதுவாக ஓட்டி, சில முறை பிரேக் போட்டு டிஸ்க்கைக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள்.

சுத்தமான வீலில் வீலுக்கென்றே உள்ள பாதுகாப்புப் பூச்சு, சீலன்ட்டோ செராமிக் கோட்டிங்கோ, போடுவது நல்ல முதலீடு. தூசி விழுவதை அது நிறுத்தாது, ஒட்டுவதைக் குறைக்கும். அடுத்த முறை ஷாம்புவோடு வேலை முடிந்துவிட வாய்ப்பு அதிகம். சாதாரணக் கார் மெழுகு பிரேக் சூட்டில் நெடுநாள் தாக்குப்பிடிக்காது. தூசியே குறைய வேண்டும் என்றால் பேட்தான் விடை. உலோகம் அதிகம் கலந்த பேடிலிருந்து செராமிக் பேடுக்கு மாறினால் தூசி குறையும், வருவதும் வெளிர் நிறமாக இருப்பதால் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. பதிலுக்கு, பிரேக்கின் கடி சற்று வேறு மாதிரி இருக்கலாம். பாரம் ஏற்றி மலைப்பாதையில் அடிக்கடி இறங்கும் காருக்கு இதை யோசிக்காமல் மாற்றக் கூடாது, கார் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் ரகத்துக்குள் தேர்ந்தெடுங்கள். புது பேட் பொருத்திய தொடக்கத்தில், டிஸ்க்கோடு அது படியும்வரை தூசி வழக்கத்தைவிடக் கூடுதலாகவே வரும். அந்தக் கட்டம் முடிந்து வீலை ஒரு முறை முழுமையாகக் கழுவிய பிறகே கோட்டிங்கைப் போடுங்கள்.